டிரம்மரைத் திரும்பிப் பார்த்த 5 வாரங்கள்

சரணத்தை ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, முன்னாலேயே எடுத்துவிட்டேன். எடுத்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் வாசித்துக்கொண்டிருந்த நான்கு பேருக்கும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. டிரம்மர் அண்ணன் குச்சியைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். கிதார் தம்பி இரண்டடி முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறார். நான் எதிரே இருந்த கேமராவின் சிவப்பு விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் பேண்ட் ஒரு பாரை விழுங்கிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. ஜட்ஜ் மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கீழே இறங்கி வந்ததும் டிரம்மர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நல்லா பண்ணீங்க. ஆனா நாங்க நாலு பேரு பின்னாடி இருக்கோம்."

நான் மேடை நடிகன். 12 வருடமாகச் சென்னையில் நாடகம், நடுவில் சீரியல்களில் சின்னச் சின்ன வேடம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தனியார் சேனலின் ரியாலிட்டி ஷோவில் என்னை அழைத்தார்கள். நடிகர்கள் வாராவாரம் ஒரு பேண்டோடு மேடையேறி, ராக் பாடகராகப் பாட வேண்டும். பழைய சினிமாப் பாட்டுகள்தான், ஆனால் டிரம்ஸும் கரகரவென்று ஒலிக்கும் டிஸ்டார்ஷன் கிதாருமாக மாற்றியிருப்பார்கள். 5 ரவுண்ட் நின்றேன். நண்பர்கள் சிலருக்கு இப்போது இதே மாதிரி அழைப்புகள் வருகின்றன, என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அழைப்பு வந்ததும் நான் செய்த முதல் வேலை, இதற்கு முன் நடிகர்கள் இப்படிப் போய் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தது. அதில் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கான்ஸ்டன்டைன் மாருலிஸ். மியூசிக்கல் நாடகத்தில் பயிற்சி பெற்ற நடிகர், ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் நடித்தவர், ஒரு ராக் பேண்டிலும் பாடியவர். 2005-ல் 'அமெரிக்கன் ஐடல்' என்ற டிவி பாட்டுப் போட்டியின் 4-வது சீசனுக்கு வந்தார். போட்டியாளர்களின் வயது வரம்பை 28 ஆக உயர்த்திய சீசன் அது. அதனால்தான் அவரையும் போ பைஸ் என்ற இன்னொரு போட்டியாளரையும் போன்ற நீள முடி ராக் ஆட்கள் உள்ளே வர முடிந்தது. மாருலிஸ் 6-வது இடத்தில் வெளியேறினார். இன்னொருவர் ஆடம் லாம்பர்ட். சின்ன வயதிலிருந்தே மேடை நாடகம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய மியூசிக்கலில் கூட்டத்தில் ஒருவராக நடித்துக்கொண்டே கதாநாயகனுக்கு மாற்று நடிகராகவும் இருந்தவர். 2009-ல் அதே ஷோவில் 2-வது இடம்.

மாருலிஸின் வீடியோக்களைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அவருடைய பார்வை. கேமராவுக்குள் நேராகப் பார்த்துப் பாடுவார். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தனக்காகவே பாடுவதாகத் தோன்றும். நான் அதைக் கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் பழகினேன். அதைத்தான் முதல் ரவுண்டில் செய்தேன், அதனால்தான் பின்னால் நடந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. தப்பு அவருடைய பாணியில் இல்லை. அவர் பேண்டில் பாடிப் பழகியவர், காது தானாகப் பின்னால் இருக்கும். எனக்கு அந்தக் காது இல்லை. வெளியே தெரிந்த கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நாடகத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, ஆடியன்ஸுக்கு முதுகைக் காட்டாதே என்பது. அது உடம்பில் ஊறிவிட்டது. ஆனால் எனக்கு இன்னொரு பயிற்சியும் உண்டு. இருபது வயதில் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரிடம் சில மாதம் இருந்தேன். கூத்தில் பின்பாட்டுக்காரர்களும் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஆடுபவருக்குப் பின்னால்தான் இருக்கும். ஆடுபவர் கிறுகி அடித்துச் சுற்றி வரும்போது ஒரு கணம் முதுகைச் சபைக்குக் காட்டி மிருதங்கக்காரரைப் பார்ப்பார். முடிக்கப் போகிறேன் என்று கண்ணால் சொல்வார். மிருதங்கம் அங்கே தீர்மானம், அதாவது முடிப்பு அடி, வைக்கும். வாத்தியார் எனக்கு இதைத் திட்டித் திட்டிச் சொல்லித் தந்தார். டிரம்மர் அண்ணன் "நாங்க நாலு பேரு பின்னாடி இருக்கோம்" என்றபோது வாத்தியார் குரல்தான் எனக்குக் கேட்டது. இருபது வயதில் கற்றுக்கொண்டதை, லெதர் ஜாக்கெட் போட்டதும் மறந்துவிட்டிருந்தேன்.

இரண்டாவது ரவுண்டுக்கு முன் டிரம்மர் அண்ணனோடு அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்தேன். 25 வருடம் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர். கோயில் திருவிழாவில் விடிய விடிய வாசித்த கை. அவர் காகிதத்தில் பாட்டைக் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினார். இன்ட்ரோ 4 பார், பல்லவி 8, இடையிசை 4, சரணம் 8, மறுபடி பல்லவி, முடிவு. "நீங்க டயலாக்கை எப்படி மனப்பாடம் பண்ணுவீங்களோ அப்படி இதைப் பண்ணுங்க. ஆனா வாயால பண்ணாதீங்க, காலால பண்ணுங்க" என்றார். கட்டம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் நான் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம். இடையிசையில் நடந்து டிரம்ஸ் பக்கம் போய்விட வேண்டும், சரணத்துக்கு முந்தைய பாரில் அவர் தலையை ஆட்டுவார், அதைப் பார்த்துவிட்டு முன்னால் வர வேண்டும். நாடகத்தில் இதை பிளாக்கிங் என்போம். ராக் மேடையிலும் அதே பிளாக்கிங்தான், கூட நடிப்பவர் டிரம்மர் என்பது மட்டும் வேறு.

நீங்கள் நடிகர் என்றால் இது ஒன்றையாவது செய்யுங்கள். முதல் ரிகர்சலில் பாட வேண்டாம். டிரம்ஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாட்டை மூன்று தடவை கேளுங்கள்.

அடுத்தது கட்டை, அதாவது பாடுகிற சுருதி. எனக்குக் கொடுத்த பாட்டு ஐந்து கட்டையில் இருந்தது. வீட்டில் பாடினால் வந்தது. நாடகக்காரர்களுக்கு ஐந்து கட்டை என்றாலே ஒரு மயக்கம். மைக் இல்லாத காலத்தில் கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஐந்து கட்டையில் பாடினார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அன்று நடிகர் என்றாலே பாடகர்தான். ஆனால் அவர்கள் சின்ன வயதிலிருந்தே அந்தச் சுருதியில் வாழ்ந்தவர்கள். நான் ஒரு வாரத்தில் அங்கே ஏறப் பார்த்தேன். குதித்துக்கொண்டே பாடும்போது மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. பேஸ் கிதார் வாசித்த தம்பிதான் "அண்ணா, மூணு கட்டைக்கு இறக்கிடலாம், எங்களுக்கும் வசதி" என்றார். என்ன வசதி என்றால், கிதாரின் தடித்த ஆறாவது கம்பியை எதையும் அழுத்தாமல் தட்டினால் வருவதே மூன்று கட்டைதான். பேஸிலும் அப்படியே. இறக்கியதும் பாட்டு சோர்ந்துவிடும் என்று பயந்தேன். நேர்மாறாக, கீழ்க் கம்பி முழுதாக அதிர்ந்து பாட்டு இன்னும் கனமாக ஒலித்தது.

உங்கள் கட்டை எது என்று கண்டுபிடிக்க நான் இப்போது சொல்வது இதுதான். மூன்று மாடி ஏறி வாருங்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே பாட்டின் உச்ச வரியைப் பாடுங்கள். அப்போது எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதுதான் மேடையில் உங்களுக்குக் கிடைக்கும். உட்கார்ந்து பாடும்போது கிடைப்பது வேறு.

மைக் பற்றி ஒரு விஷயம். ராக் பாடகர்கள் மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் படங்களைப் பார்த்திருப்போம். நானும் அப்படிப் பிடித்தேன். ஆடியோ இன்ஜினியர் ஓடி வந்துவிட்டார். அந்த மைக் முன்னாலிருந்து வரும் சத்தத்தை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து வருவதைத் தள்ளிவிடும்படி செய்யப்பட்டது. தலையைப் பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு அந்தத் தன்மை போய்விடும். குரல் மூடியது போலாகும், ஸ்பீக்கரிலிருந்து கீச்சென்று ஃபீட்பேக் வரும். உடம்பைப் பிடியுங்கள், தலையை விடுங்கள். மெதுவான வரிக்கு உதட்டோடு ஒட்டி வையுங்கள், அடிக்குரல் நிறைந்து வரும். கத்தும் இடத்தில் ஒரு சாண் தள்ளுங்கள்.

பாடும்போது காதில் மாட்டிக்கொள்ளும் இன்-இயரில் என்ன கேட்க வேண்டும் என்று கேட்பார்கள். "எல்லாம் வேணும்" என்று சொல்லிவிட்டு நான் எதையுமே கேட்காமல் பாடினேன். மூன்றாவது ரவுண்டிலிருந்து மூன்றே மூன்று கேட்டேன்: என் குரல், ஸ்நேர் டிரம், சுருதி பிடிக்க ஒரு கிதார். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு மறு காதைக் கழற்றிவிடுவது பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் கழற்றியதும் மாட்டிய காதில் சத்தம் போதாது, கூட்டச் சொல்வோம், அது அந்தக் காதுக்குக் கெடுதல்.

தொண்டை விஷயத்தில் நான் செய்தது பெரிய தப்பு. இரண்டாவது வாரம் ராக் பாடகர்களின் அந்தக் கரகரத்த அலறலைப் பழக ஆசைப்பட்டு, ஒரு மதியம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். மறுநாள் காலையில் மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இ.என்.டி. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண்கள் வீங்கியிருக்கின்றன என்றார். நான்கு நாள் பேசக் கூடாது. கிசுகிசுவென்று பேசுவதும் கூடாது, அதுவும் நாண்களுக்குச் சிரமம்தான் என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஆனால் குடிக்கிற தண்ணீர் நேராகக் குரல் நாண்களில் படாது, அது போகிற வழி வேறு, உடம்பில் சேர்ந்துதான் அங்கே போகும், அதனால் மேடையேறும்போது ஒரு பாட்டில் குடித்துப் பயனில்லை, முதல் நாளிலிருந்தே குடிக்க வேண்டும் என்று விளக்கினார். ஆவி பிடித்தேன். வீட்டில் ஸ்லேட்டு வாங்கி எழுதிக் காட்டினேன். அந்த வாரம் அரைக் குரலோடுதான் பாடினேன்.

நன்றாகப் பாடும் ராக் பாடகர்கள் அந்தக் கரகரப்பைத் தொண்டையை நெரித்து எடுப்பதில்லை. அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது, சொல்லித் தருபவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் வராது. குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் போனால் கஷாயத்தை நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அந்த அரைக் குரல் ரவுண்டில்தான் நடிப்பு எனக்கு உண்மையாகவே உதவியது. சத்தம் போட முடியாது என்றானதும் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பாட்டின் வரிகளை ராகம் இல்லாமல் வசனமாகச் சொல்லிப் பார்த்தேன். யாரிடம் சொல்கிறேன், ஏன் இப்போது சொல்கிறேன் என்று நாடகத்தில் கேட்கும் அதே கேள்விகளைக் கேட்டேன். மூச்சு எங்கே வாங்குவது என்று அப்போதுதான் தெரிந்தது. தமிழில் இது முக்கியம். 'மறந்தேன் இல்லை' என்று வருகிற இடத்தில் 'மறந்தேன்' என்று நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும். ராக் மெட்டில் தாளம் நம்மைத் தள்ளும்போது இப்படிப் பல வரிகளை உடைத்துவிடுகிறோம். சேனலில் பாட்டை இரண்டு நிமிடமாக வெட்டச் சொல்வார்கள், ஒரு சரணம்தான் வைக்க முடியும். எது பிரபலமோ அதை வைக்கச் சொல்வார்கள். உங்களால் எதைச் சொல்ல முடியுமோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

ப்ரோமோவில் எனக்கு நடந்த ஒரு கதையையும் சொல்கிறேன். நான்காவது வாரம் பேட்டி எடுத்தார்கள். நான் சொன்னது: "இந்த மேடையில எனக்கு யாரைப் பார்த்தும் பயம் இல்லை, ஏன்னா இங்க இருக்கிற எல்லாருமே எனக்கு வாத்தியாருங்க." ப்ரோமோவில் வந்தது முதல் பாதி மட்டும். அதற்கடுத்து, கூடப் போட்டியிட்ட ஒரு பெண்ணின் முகம். அவர் அந்த முகபாவத்தைக் காட்டியது வேறு எதற்கோ. இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பெண் நல்லவர், நான் போன் செய்ததும் சிரித்துவிட்டு "விடுங்கண்ணா" என்றார். இணையத்தில் எழுதியவர்கள் விடவில்லை. இப்போது பேட்டி கொடுத்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறேன். "இங்க எல்லாருமே எனக்கு வாத்தியாருங்க, அதனால பயம் இல்லை." எங்கே வெட்டினாலும் மரியாதை முதலில் நிற்கும். தமிழில் முன்னால் வைப்பதும் பின்னால் வைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். பணம் எபிசோடுக்கா, நாளுக்கா? எங்களுக்கு ஒரே நாளில் இரண்டு எபிசோட் எடுத்தார்கள். காலை 8 மணிக்கு மேக்கப் போட்டால் நள்ளிரவு தாண்டும். எத்தனை மாதம் வேறு இடத்தில் நடிக்கக் கூடாது? அந்த ஷரத்தை நான் சரியாகப் படிக்காததால் நான் ஒப்புக்கொண்டிருந்த ஒரு நாடகத்தில் வேறொருவர் நடிக்க வேண்டியதாயிற்று, அது எனக்கு இன்னும் வலிக்கிறது. காஸ்ட்யூமை ரிகர்சலுக்கு முன்பே தருவார்களா? என் ஜாக்கெட்டின் கைச்சங்கிலி மைக்கில் மோதி டக் டக்கென்று சத்தம் வந்ததை ஷூட் அன்றுதான் கண்டுபிடித்தோம்.

காத்திருப்பு நேரங்களில் வேறு ஒரு ஷோவின் பழைய எபிசோடுகளைப் பார்ப்பேன். 2005-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'ராக் ஸ்டார்' என்ற போட்டி. ஆஸ்திரேலிய பேண்ட் இன்எக்சஸின் (INXS) பாடகர் மைக்கேல் ஹட்சன்ஸ் 1997-ல் இறந்துபோனார். அந்த இடத்துக்கு ஒருவரைத் தேட பேண்டே போட்டி வைத்தது. கனடாவின் ஜே.டி. ஃபார்ச்சூன் ஜெயித்தார். அதில் என்னை உட்கார வைத்தது ஒன்றுதான். யார் வெளியேற வேண்டும் என்று கடைசியில் சொல்வது அந்த பேண்டின் ஆட்கள். நாளைக்கு இவருக்குப் பின்னால் நின்று வாசிக்கப் போவது நாங்கள் என்ற நினைப்போடு பார்ப்பார்கள். முடியையும் ஜாக்கெட்டையும் தாண்டி அவர்கள் பார்ப்பது வேறு. எங்கள் ஷோவில் மதிப்பெண் போட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இருந்த நால்வர் போட்டிருந்தால் முதல் ரவுண்டில் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

லாம்பர்ட்டையும் இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தேன். 2009 இறுதிச் சுற்றில் குயீன் பேண்டின் பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் மேடைக்கு வந்தார்கள், அவரும் பட்டத்தை வென்ற கிரிஸ் ஆலனும் அவர்களோடு பாடினார்கள். பட்டம் கிரிஸ் ஆலனுக்கு. ஆனால் 2012 முதல் குயீனோடு ஊர் ஊராகப் போய்ப் பாடுவது லாம்பர்ட். குயீனின் மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் இடத்தில் நிற்கிறார், ஃப்ரெடியாக நடிப்பதில்லை. பிரையன் மே கிதார் சோலோ வாசிக்கும்போது லாம்பர்ட் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மாருலிஸும் ஓய்ந்துவிடவில்லை. 2009-ல் பிராட்வேயில் ஒரு ராக் மியூசிக்கலில் ராக் பாடகராக ஆசைப்படும் இளைஞனாக நடித்து, டோனி விருதுக்குச் சிறந்த நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். போட்டியில் 6-வது இடம் பிடித்த 4 வருடத்தில்.

என் ஐந்தாவது ரவுண்ட் இளையராஜாவின் ஒரு பழைய பாட்டு. மூன்று கட்டை. இரவு 1 மணிக்கு என் முறை வந்தது. ஆடியன்ஸில் பாதிப் பேர் வாடியிருந்தார்கள். பல்லவி முடிந்து இடையிசையில் நான் முதுகைக் காட்டி டிரம்ஸ் பக்கம் நடந்தேன். ஃப்ளோர் மேனேஜர் கேமராவைப் பார்க்கச் சொல்லிக் கை காட்டியது ஓரக் கண்ணில் தெரிந்தது. டிரம்மர் அண்ணன் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். இடது கைச் சுண்டுவிரலில் பிளாஸ்திரி. அவர் என்னைப் பார்த்ததும் வாசிப்பைக் கொஞ்சம் இளக்கினார், நான் தலையசைத்தேன், சரணத்துக்கு முந்தைய பாரை அவர் இரண்டு மடங்காக நிரப்பினார். ரிகர்சலில் அப்படி இல்லை. பேஸ் தம்பி சிரிக்கிறார், கிதார் நின்றுவிட்டது, வெறும் டிரம்ஸ் மேல் நான் சரணத்தை எடுத்தேன். அது அந்த நொடியில் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து செய்தது.

டெலிகாஸ்டில் அந்த இடத்தில் ஜட்ஜ் ஒருவரின் முகமும் ஆடியன்ஸும் வந்தன. மதிப்பெண் குறைவு, கேமரா தொடர்பு இல்லை என்றார்கள், அன்றே எலிமினேஷன். மேக்கப் ரூமில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நால்வரும் வந்தார்கள். டிரம்மர் அண்ணன், "பொங்கலுக்கு ஒரு காலேஜ்ல ப்ரோக்ராம் இருக்கு தம்பி, வர்றீங்களா?" என்று கேட்டார்.

போனேன். இப்போது வருடத்துக்கு நாலைந்து மேடை அவர்களோடு. சவுண்ட் செக்கில் நான் முதலில் கேட்பது டிரம்ஸ் மேடையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்த முடியுமா என்று. நடுவில் வைத்தால் அவரைப் பார்க்க நான் முழுதாகத் திரும்ப வேண்டும். ஒரு மீட்டர் நகர்த்தினால் போதும், பாடிக்கொண்டே அவர் முகம் தெரியும்.